அலைவரிசைகளும் அவை எட்டும் எல்லையும்

சங்கரன்கோவிலில் நாம் ஸ்கேனர் என்னும் ஏற்பியை இயக்குவோமாயின், அஃது அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாய்த் துருவி, ஒலி எழுமிடத்து நிற்கும். ஆயினும் எல்லா ஒலியும் எக்காலத்தும் எட்டுவதில்லை. அதன் காரணத்தை ஆராய்வோம்.

வானொலி அலைகள் யாவும் ஒளியின் வேகத்தன. ஆகலின் 300-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுப்பின், அலைநீளம் மீட்டரிற் கிடைக்கும். 1963-இல் தோன்றிய திருநெல்வேலி வானொலிக்கு ஒதுக்கப்பெற்ற மத்திய அலை 1197 கிலோஹெர்ட்ஸ். அதன் நீளம் ஏறத்தாழ 250 மீட்டர். இத்தகைய அலை பகலில் நிலத்தைத் தழுவி வரும். வானோக்கிச் செல்லும் பகுதியை அயனி மண்டலத்தின் கீழடுக்கு விழுங்கிவிடும். இரவில் அவ்வடுக்குத் தேய, மேலடுக்கு அலையைத் திருப்பியனுப்பும். சேய்மை நிலையங்கள் இரவிற் கேட்பது இதனாலேயே.

பண்பலையின் 100 மெகாஹெர்ட்ஸுக்கு நீளம் 3 மீட்டரே. விமானங்கட்குரிய 118 முதல் 137 வரையும், கடற்கலங்களின் அபாய அழைப்பிற்குரிய 156.8-உம் இவ்வினத்தன, பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன. 10 கிலோமீட்டர் உயரத்துப் பறக்கும் விமானியின் குரல் நமக்கு எட்டும். தூத்துக்குடிக் கடலில் நிற்கும் படகினது குரலையோ பூமியின் வளைவு மறைக்கும். ஆதலின் மீனவர் அழைப்பைக் கேட்பதற்குக் கரையில் உயர்ந்த கோபுரம் வேண்டும். அலையின் இயல்பறிந்து கருவி அமைத்தல் உயிர்காக்கும் அறிவாம்.