கடல் கடக்கும் அலை

நெடுந்தீவில் இரவில் ஒருவருக்கு வருத்தம் கடுமையானால் படகுக்காரரைக் கைத்தொலைபேசியில்தான் அழைக்கிறோம். அந்நேரம் பேச்சு அறுவது ஏன்?

கோபுரத்து அலை நேராகவும், கடலிலும் சுவரிலும் தெறித்தும் வருகின்றது. இவை எதிரெதிராய்ச் சேர்ந்தால் சமிக்ஞை மங்கும். 900 மெகாஹேட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்ரிமீற்றர். ஆதலால் ஓரடி விலகி நின்றாலே நிலைமை மாறக்கூடும்.

மற்றது குறுக்கீடு. காற்றடங்கிய வெப்பநாட்களில் கடல்மேலுள்ள காற்றுப்படை தூரத்து அலைகளை வளைத்துக் கொண்டுவரும். அதே அலைவரிசையில் அவை நமது அலையுடன் கலக்கலாம்.

பழைய வானொலியில் இரைச்சலுக்குள்ளும் பேச்சு விளங்கும். எண்முறைக் கருவியோ பிழைகளை ஓரளவுக்குத் தானே திருத்தும். எல்லை மீறினால் திடீரென அறுந்துவிடும்.

எனவே உயரமான, வெளியான இடத்திற்குச் செல்லுங்கள். குறுஞ்செய்தியும் அனுப்புங்கள், சில விநாடிகள் அலை கிடைத்தாலும் அது போய்ச்சேரும். பதில் வரும்வரை காத்திருங்கள்.