லாட்விய நட்சத்திரம் ஸ்வெட்டரில் ஏறும் முன்

தீமையை அண்டவிடாது என்று லாட்வியர் நம்பும் எண்முனை நட்சத்திரம் ஔசெக்லிஸ், அவர்களின் மெல்லிய கம்பளிக் கையுறைகளில் பளிச்சென்று விழும். கையுறைக்கான கட்டப்படத்தை அப்படியே ஸ்வெட்டருக்கு எடுக்காதீர்கள். 10 செ.மீ.க்கு 40 கண்ணி விழும் நூலில் 24 கண்ணி நட்சத்திரம் 6 செ.மீ.; 20 கண்ணி விழும் தடித்த நூலில் 12 செ.மீ., இரு மடங்காகிவிடும். ஆகவே முதலில் ஒரு சாண் அளவில் மாதிரித் துண்டு பின்னிப் பாருங்கள். நேரம் வீண்தானே என்பீர்கள். முழு ஸ்வெட்டரைப் பிரிப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஸ்வெட்டர் வட்டப் பின்னல் என்றால் மாதிரியும் வட்டமாகவே இருக்கட்டும், தட்டையாகப் பின்னினால் இறுக்கம் மாறும். அடுத்து நிறம்: சிவப்பும் பச்சையும் எடுப்பாகத்தான் தெரியும். ஆனால் செல்போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்தால் இரண்டும் ஒரே சாம்பலாகலாம். அப்படியானால் ஒன்றை மாற்றுங்கள். பின்பக்கம் ஐந்து கண்ணிக்கு மேல் தாண்டும் நூலை நடுவில் ஒருமுறை சிக்கவைத்துவிடுங்கள், இல்லையேல் கை நுழைக்கும்போது விரல் மாட்டும்.