வஸிய்யத் எழுதச் சட்டத்தரணி கட்டாயமா?

மஸ்கெலியாவில் கடை வைத்திருக்கும் சகோதரர்களிடம் உயில் பற்றிப் பேச்செடுத்தால், "ஹட்டனுக்குப் போய் லோயரைப் பார்க்க வேண்டும், சிவனொளிபாதமலைச் சீசன் முடியட்டும்" என்பார்கள். சீசன் முடிந்ததும் வேறொரு வேலை வந்துவிடும். உயில் அப்படியே நின்றுபோகும்.

சட்டத்தரணி இல்லாமலும் உயில் எழுதலாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இரண்டு வழிகளைத் தருகிறது. ஒன்று, பிரசித்த நொத்தாரிசு ஒருவரும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் ஒப்பமிடுவது. நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் வேண்டும். ஐவரும் ஒரே நேரத்தில் கூடியிருக்க வேண்டும். நீங்கள் அவர்கள் காண ஒப்பமிட, அவர்களும் உங்கள் முன்னிலையிலேயே ஒப்பமிட வேண்டும். கடை கடையாகக் கொண்டுபோய்த் தனித்தனியே ஒப்பம் வாங்கிய தாள் செல்லாது. இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் ஐந்து பேர் கிடைப்பது பெரிய காரியமில்லை. ஆனால் உங்களுக்குப் பின் நீதிமன்றத்தில் சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். எனவே வயதில் இளையவர்களாக, உயிலில் பங்கு எதுவும் பெறாதவர்களாகப் பாருங்கள்.

இனி மார்க்கத்தின் பக்கம். உயில் எழுதாமல் மௌத்தானவரின் சொத்து, 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரண சாதனமற்றோர் வாரிசுரிமைச் சட்டப்படி அவரவர் மத்ஹபின் முறையில் பிரியும். மனைவியும் இரண்டு பெண் மக்களும் ஒரு சகோதரனும் மட்டுமே உள்ள ஒருவர் 24 இலட்சம் ரூபாவை விட்டுச் சென்றால், மனைவிக்கு 3 இலட்சம், பெண் மக்களுக்கு 16 இலட்சம், மீதி 5 இலட்சம் சகோதரனுக்கு. இதை அறியாமல், "எல்லாம் பிள்ளைகளுக்குத்தானே" என்று இருந்துவிடுவோர் பலர்.

வஸிய்யத்தின் எல்லை மூன்றில் ஒன்று. ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தது அவ்வளவுதான், அதுவும் அதிகம் என்று சொல்லியே. வாரிசாக இருப்பவருக்கு வஸிய்யத் இல்லை. மற்ற வாரிசுகள் பின்னர் சம்மதித்தால் அது வேறு விடயம். நாட்டின் பொதுச் சட்டமோ முழுச் சொத்தையும் விருப்பம்போல் எழுத இடம் கொடுக்கிறது. ஆகவே எல்லை மீறினால் நீதிமன்றம் தடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது உங்களுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலுள்ள கணக்கு.

அந்த மூன்றில் ஒன்று யாருக்கு உதவும்? தகப்பனை இழந்த பேரப்பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். உங்களுக்கு வேறு ஆண் மகன் இருந்தால் அவர்களுக்கு ஒரு பங்கும் வராது. எடுத்து வளர்த்த பிள்ளையின் நிலையும் அதுவே. நீங்கள் எழுதாவிட்டால் அவர்கள் வெறுங்கையுடன் நிற்பார்கள்.

சொத்தை விடக் கடனே முந்தியது. பங்கீடு செய்யுமுன் கடன் தீர வேண்டும். தோட்டத்துச் சம்பள நாளை நம்பிப் பற்றுக் கொடுக்கும் நமது வியாபாரத்தில், யாரிடம் எவ்வளவு வரவேண்டும், கொழும்பு மொத்த வியாபாரிக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பது முதலாளியின் தலைக்குள்தான் இருக்கிறது. கைமாற்றாக வாங்கிய பணத்துக்குத் துண்டுச் சீட்டுக்கூட இராது. உயிலை எழுதும் அன்றே இந்தப் பட்டியலையும் எழுதி வையுங்கள். இதற்கு எந்த லோயரும் தேவையில்லை.

பிறகு சட்டத்தரணி எங்கே தேவை? உறுதிக் காணி இருந்தால், பங்காளியோடு வியாபாரம் செய்தால், இரண்டு குடும்பம் இருந்தால், செலவைப் பார்க்காமல் போங்கள். பழைய மஸ்கெலியா நகரம் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் மூழ்கி, மக்கள் புதிய நகரத்துக்கு வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. இன்னும் பாட்டனார் பெயரிலேயே பத்திரம் கிடந்தால், உங்கள் பங்கு எவ்வளவு என்று முதலில் தெளிய வேண்டும். உங்களுக்குச் சொந்தமில்லாததை உயிலில் எழுத முடியாது. வாடகைக் கடைக்கும், கம்பனி நிலத்தில் நிற்கும் கட்டடத்துக்கும் இதே கதைதான்.

உயில் எழுதிய பின் திருமணம் செய்தால் அந்த உயில் ரத்தாகிவிடும், புதிதாக எழுதவேண்டும். மூலப்பிரதி எங்கே இருக்கிறது என்பதை நிறைவேற்றுநராக நியமித்தவரிடமும் வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். கடைப் பெட்டகத்தில் பூட்டி, சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிய வேண்டாம்.