ஐந்து முட்களும் ஒரு பொய்யும்

பௌதிகம் படிக்கும் நாம் ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ மானிகளைப் பார்க்கிறோம். முள் காட்டிய எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு வெளியே வந்துவிடுகிறோம். அந்த முள் பொய் சொல்லக்கூடும் என்ற ஐயம் நமக்கு எழுவதில்லை. எனக்கு அந்த ஐயத்தைக் கற்றுத் தந்தது வகுப்பறை அன்று. வைட்டிலாவில் உள்ள ஒரு மோட்டார் பட்டறை.

அந்தப் பட்டறையில் என் மாமா எலக்ட்ரீசியன். கோவில்பட்டியிலிருந்து பிழைப்புத் தேடிக் கொச்சிக்கு வந்தவர். அவர் வீட்டில் தங்கித்தான் நான் களமசேரிக்குச் சென்று படிக்கிறேன். விடுமுறை நாள்களில் அவருக்குக் கையாள். சென்ற ஆண்டு அங்கே ஒரு பழைய செவ்ரோலே பிக்கப் வண்டி வந்தது. 1951இல் செய்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928 முதல் 1954 வரை பம்பாயில் வண்டிகளைப் பூட்டி விற்றுவந்தது. அந்தக் காலத்துச் சரக்கு. மட்டாஞ்சேரிக் கிடங்குகளிலிருந்து மிளகும் சுக்கும் சுமந்த வண்டி என்று உரிமையாளரான முதியவர் பெருமையோடு சொன்னார். அவருடைய தந்தையார் ஓட்டிய வண்டி அது.

அது 6 வோல்ட்டு வண்டி. இந்நாளில் 6 வோல்ட்டு பாட்டரிக்கு அலைய வேண்டும், விளக்கும் மங்கல். ஆகவே 12 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும். ஆனால் டாஷ்போர்டின் முகம் மாறக் கூடாது. இதுதான் முதியவரின் நிபந்தனை. டாஷ்போர்டில் ஐந்து முட்கள் இருந்தன: வேகம், பெட்ரோல், எண்ணெய் அழுத்தம், தண்ணீரின் சூடு, மின்னோட்டம். “மின்னழுத்தம் இருமடங்கானால் ஐந்தும் கெட்டுப் போகும், எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் புது செட்டு மாட்டுங்கள்” என்று வேறு சிலர் அவருக்கு அறிவுரை சொல்லியிருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மாமா சிரித்தார். “மருமவனே, அஞ்சுல எதுக்கு கரண்டு வேணும்னு முதல்ல எண்ணிப் பாரு” என்றார்.

எண்ணிப் பார்த்தேன். வேகமானிக்கு மின்சாரமே வேண்டாம். கியர்ப் பெட்டியிலிருந்து வரும் கம்பிவடம் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைத் தொடாமல் அதைச் சூழ்ந்து நிற்கும் உலோகக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அது கிண்ணத்தைத் தன்னோடு இழுக்கப் பார்க்கிறது. மெல்லிய வில்சுருள் எதிர்த்துப் பிடிக்கிறது. சுழலும் செப்புத் தட்டு காந்த ஊசியை இழுப்பதை 1824இல் அரகோ கண்டார். காரணத்தைப் பின்னர் விளக்கியவர் பாரடே. அதை மோட்டார் வண்டிக்கு ஏற்ற மானியாக்கி 1902இல் காப்புரிமை பெற்றவர் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து ஓட்டோ ஷுல்ட்சே.

எண்ணெய் மானியும் சூட்டு மானியும் பூர்டன் குழாயால் இயங்குவன. திருவிழாக் கடையில் விற்கும் காகித ஊதியை ஊதினால் சுருள் நீள்கிறதே, அதே வித்தை. இங்கே சுருள் உலோகம். 1849இல் பிரெஞ்சுப் பொறியாளர் பூர்டன் காப்புரிமை பெற்ற கருவி. இவற்றிலும் மின்சாரம் இல்லை. மின்னோட்ட மானியோ ஆம்பியரைத்தான் அறியும், வோல்ட்டை அறியாது. பழைய டைனமோவுக்குப் பதிலாகப் பெரிய ஆல்டர்னேட்டரைப் பூட்டினால் மட்டும் விழிப்பு வேண்டும். 30 ஆம்பியர் மானிக்குள் 55 ஆம்பியர் பாய்ந்தால் கம்பி சூடேறித் தீயே பிடிக்கலாம். எனவே ஓட்டத்தின் ஒரு பகுதியைப் பக்கவழியில் அனுப்பக் குறுக்குக் கம்பி ஒன்றை இணைத்தோம். முள் குறைத்துக் காட்டும். ஆனால் பாட்டரி ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்தால் ஓட்டுநருக்குப் போதும்.

ஆக, விளக்குக் குமிழ்களை விட்டுவிட்டால், மின்னழுத்தத்துக்காக மாற்ற வேண்டியது பெட்ரோல் மானி ஒன்றுதான்!

அதற்குள் என்ன இருக்கிறது? செங்குத்தாக நிற்கும் இரண்டு கம்பிச் சுருள்கள்; நடுவே முள்ளைத் தாங்கிய இரும்புத் துண்டு. ஒரு சுருள் முள்ளைக் ‘காலி’ பக்கம் இழுக்கும். மற்றது ‘நிறைவு’ பக்கம் இழுக்கும். பாட்டரியிலிருந்து வரும் ஓட்டம் முதலில் ‘காலி’ச் சுருளைக் கடக்கிறது. பிறகு இரண்டாகப் பிரிகிறது: ஒரு கிளை ‘நிறைவு’ச் சுருள் வழியாக எர்த்துக்குப் போகிறது, மறு கிளை பெட்ரோல் டாங்கியில் மிதவையோடு ஏறி இறங்கும் தடை வழியாக எர்த்துக்குப் போகிறது. அந்த வண்டியில் டாங்கி காலியானால் தடை 0 ஓம். நிறைந்தால் 30 ஓம். காலியான டாங்கியில் தடை இல்லாததால் ஓட்டம் முழுதும் அவ்வழியே ஓடிவிடும்; ‘நிறைவு’ச் சுருளுக்கு ஒன்றும் கிடைக்காது; முள் காலியில் படுக்கும். பெட்ரோல் ஏற ஏறத் தடை கூடும். ‘நிறைவு’ச் சுருளின் பங்கும் கூடும்.

இங்கே ஓர் அழகைக் கவனியுங்கள். முள் பார்ப்பது ஓட்டத்தின் அளவை அன்று, இரு சுருள்களின் விகிதத்தை. மின்னழுத்தம் இருமடங்கானால் இரண்டு ஓட்டங்களும் இருமடங்காகும், விகிதம் மாறாது, முள்ளும் அசையாது. அப்படியானால் 12 வோல்ட்டை நேரே கொடுத்துவிடலாமா? கூடாது. ஓட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. சுருளின் பூச்சு கருகிவிடும். ஆகையால் மானிக்கு முன்னே ஒரு தடையைத் தொடராக இணைத்தேன். அதுவும் இரு சுருள்களின் ஓட்டத்தை ஒரே விகிதத்தில் குறைக்குமே தவிர, முள்ளைக் கெடுக்காது. பிற்கால ஃபோர்டு வண்டிகள் பலவற்றில் உள்ள மானி வேறு இனம். ஓட்டத்தின் சூட்டில் வளையும் ஈருலோகத் தகடுதான் அங்கே முள்ளைத் தள்ளுகிறது. அதற்கு மின்னழுத்தம் மாறாமல் இருக்க வேண்டும். வெறும் தடை போதாது.

கணக்குச் சரியாக வந்ததும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. முள் கால் டாங்கி காட்டியது. “மட்டாஞ்சேரி வரைக்கும் தாராளமாகப் போகும் ஐயா” என்று முதியவருக்கு உறுதி கூறி, நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். குண்டன்னூரைத் தாண்டிப் பாலத்தின் மேல் ஏறும்போது வண்டி இருமிற்று; பிறகு நின்றது. பின்னால் லாரிகள் அலறின. எழுபது வயதைக் கடந்த மனிதர் ஸ்டியரிங்கைப் பிடிக்க, நான் தனியாகத் தள்ளினேன். டாங்கியில் ஒரு சொட்டு இல்லை. முள்ளோ இன்னும் கால் டாங்கியில் நின்றது!

மாமா வந்து டாங்கியின் உலோகத்துக்கும் வண்டிச் சட்டத்துக்கும் இடையே மீட்டரை வைத்தார். 8 ஓம். காயலும் கடலும் சூழ்ந்த ஊரின் உப்புக் காற்று எர்த்துப் பிடிப்பைத் துருவாக்கியிருந்தது. மிதவையின் தடை 0 என்றாலும், துருவின் 8 ஓம் அதனோடு சேர்ந்துகொண்டது. மானிக்கு மிதவை எது, துரு எது என்று தெரியாது. 8 ஓம் என்றால் ஏறத்தாழக் கால் டாங்கி. “முள்ளு பொய் சொல்லலே. அதுக்கு என்ன வந்துதோ அதைச் சொல்லிச்சு. நீதான் பாதிக் கம்பியைப் பாத்துட்டு முழுசும் பாத்தேன்னுட்டே” என்றார் மாமா. நான் வாய் திறக்கவில்லை. உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, டாங்கியிலிருந்து சட்டத்துக்குத் தனிக் கம்பி ஒன்றைப் போட்டோம். முள் படுத்தது.

இந்த இன மானியை நீங்கள் சோதிக்க நேர்ந்தால் வழி எளிது. டாங்கிக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டால் முள் நிறைவையும் தாண்ட வேண்டும். அக்கம்பியைச் சட்டத்தில் தொட்டால் காலியில் விழ வேண்டும். இரண்டும் நடந்தால் மானி நலம். குற்றம் டாங்கிப் பக்கத்தில். டாங்கியின் அருகே பொறி பறக்க விடாதீர்கள்; டாஷ்போர்டுப் பக்கத்திலேயே செய்யுங்கள்.

சூட்டு மானிக்கு வேறொரு நோய். அதன் குமிழில் ஈதர் இருக்கும். எஞ்சின் சூட்டில் ஆவியாகி, நீண்ட நுண்குழாய் வழியாகப் பூர்டன் குழாயை அழுத்தும். 100 பாகையில் ஈதரின் ஆவியழுத்தம் வளிமண்டலத்தைப் போல் ஆறு மடங்குக்கு மேல். முன்பு யாரோ அந்த நுண்குழாயை மின்கம்பி என்று எண்ணி வெட்டியிருந்தார்கள். எஞ்சின் கொதித்தாலும் முள் ‘குளிர்ச்சி’ என்றே ஆறுதல் சொல்லும். பெட்ரோல் முள்ளின் பொய் நம்மைச் சாலையில் நிறுத்தும். இதன் பொய் எஞ்சினையே தின்றுவிடும்.

மலிவான புது மானி ஒன்றை வாங்கினோம். அதன் ஈதர்க் குமிழைச் சம்பக்கரை மீன் சந்தையில் வாங்கிய பனிக்கட்டியும் உப்பும் கலந்த வாளியில் அமிழ்த்தினோம். குளிரில் ஈதர் முழுதும் நீர்மமாகிக் குமிழில் அடங்கும். அதன் பிறகு குழாயை வெட்டி, பழைய மானியின் குழாயோடு சிறு உறைக்குள் சேர்த்து ஈயம் வைத்தோம். ஈதர் எளிதில் தீப்பற்றும். ஆகவே சுடர் எதுவும் இல்லாமல், மின் பற்றுக்கோலால், காற்றோட்டமான வாசலில் செய்தோம். முதல் முறை ஓட்டு கசிந்து ஒரு மானி வீணாயிற்று. இரண்டாம் முறை பிடித்தது. குமிழைக் கொதிநீரில் வைத்தபோது முள் 212 பாரன்ஹீட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. பின்மூடியைத் திறந்து அதைத் திருத்தினோம்.

இடையே ஒரு செய்தி. நம்மில் பலர் ஓட்டும் இருசக்கர வண்டிகளின் மானிகளைச் செய்யும் பிரிக்கால் நிறுவனம் 1970களில் கோவையில் தொடங்கியது. அடுத்த முறை வண்டியில் ஏறும்போது மானியின் ஓரத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

முதியவர் வண்டியை எடுக்க வந்த நாளில் நான் எதற்கும் உறுதி கூறவில்லை. டாங்கியை வடித்துக் காட்டினேன், முள் காலி. ஐந்து லிட்டர் ஊற்றினேன், முள் எழுந்தது. அவர் அதை மீண்டும் ஒருமுறை செய்யச் சொன்னார். செய்தேன். வேகமானிக்கு ஏற்ற கம்பிவடம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அந்த ஒரு முள் இப்போதும் பூச்சியத்தில்தான் இருக்கிறது.