லிஃப்ட் வேற, ட்ராவல் வேற: என் ஹைலக்ஸ் எடுத்த கிளாஸ்



போன எபிசோடில் சர்வர் திணறும்போது அடைப்பு எங்கே என்று தேடுவது பற்றிப் பேசினோம். ஒரு அடைப்பை எடுத்தால் பிரச்சினை தீராது, அடுத்த பலவீனமான இடத்துக்கு நகரும் என்று சொல்லி முடித்திருந்தேன். "சாஃப்ட்வேர் இல்லாத உதாரணம் ஒண்ணு சொல்லுங்க"ன்னு சிலர் எழுதியிருந்தீங்க. என்கிட்ட ஒண்ணு இருக்கு. சொல்லக் கொஞ்சம் வெட்கம்தான். என் வண்டி.

நான் இருப்பது மெல்பர்னில். வாரநாளில் கான்ட்ராக்ட் வேலை. லீவு கிடைத்தால் மனைவி, மகளோடு விக்டோரியாவின் மலைப்பாதைகள். அதற்காகவே வாங்கியது டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேப். ஒரு வருஷம் ஓட்டியதும் எல்லாருக்கும் வருகிற ஆசை எனக்கும் வந்தது: பெரிய டயர், உயரமான வண்டி.

1. முதலில் டயர் கணக்கு

என் வண்டியோடு வந்த டயர் 265/65 ஆர்17. அகலம் 265 மி.மீ. பக்கச்சுவர் அதில் 65 சதவீதம். ரிம் 17 அங்குலம், அதாவது 431.8 மி.மீ. ஆக மொத்த விட்டம்: 265 × 0.65 × 2 + 431.8 = 776.3 மி.மீ.

எல்லாரும் ஆசைப்படுவது 285/70 ஆர்17. அதன் விட்டம் 830.8. வித்தியாசம் 54.5 மி.மீ. ஆஸ்திரேலியாவின் தேசிய மாற்ற விதித்தொகுப்பில் இந்த மாதிரி வண்டிகளுக்கு டயர் விட்டம் கூடலாம் என்கிற எல்லை 50 மி.மீ. "4.5 மி.மீ. தானே"ன்னு விட்டுட்டா, விபத்து நடந்து இன்சூரன்ஸ் ஆள் டேப்போட வரும்போது அது பெருசாத் தெரியும். நான் 265/70 ஆர்17 எடுத்தேன். விட்டம் 802.8, கூடுதல் 26.5.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். வண்டி உயர்வது விட்டத்தில் பாதிதான், 13 மி.மீ. சொச்சம். ஆனால் பின் ஆக்ஸிலின் நடுவில் தொங்கும் டிஃப்பரென்ஷியல் குண்டைத் தரையிலிருந்து தூக்குவது டயர் மட்டும்தான். எத்தனை பெரிய லிஃப்ட் கிட் போட்டாலும் அது ஒரு மி.மீ. கூட உயராது. லிஃப்ட் தூக்குவது பாடியையும் சேஸியையும்.

இன்னொன்று, இதே கணக்கில் ஸ்பீடோமீட்டர் 3.3 சதவீதம் குறைத்துக் காட்டும். உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டக் கூடாது என்பது இங்கே விதி. டயர் மாற்றியதும் ஜி.பி.எஸ்.ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

2. உயரம் எங்கிருந்து வருகிறது?

சக்கரம் மேலே போகும் தூரமும் கீழே இறங்கும் தூரமும் சேர்ந்ததுதான் ட்ராவல். ஓர் உதாரணத்துக்கு, நேராக நிற்கும்போது சக்கரம் மேலே 100, கீழே 100 மி.மீ. போகும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200.

இப்போது முன்பக்க ஸ்பிரிங்கை இன்னும் அழுத்தி வைக்கிற மாதிரி ஒரு ஸ்பேசர் செருகி 50 மி.மீ. தூக்குகிறோம். ஷாக் அதேதான். அதனால் மொத்தம் அதே 200. மேலே 150 ஆகும், கீழே 50தான் மிஞ்சும். வண்டி கம்பீரமாக நிற்கும். ஆனால் சக்கரம் குழிக்குள் இறங்க வேண்டிய இடத்தில் அந்தரத்தில் தொங்கும். ஷாக் முழுசா நீண்டு "டக்"குன்னு முட்டும். அதாவது, உயரத்தைக் காசு கொடுத்து வாங்கி, இறக்கத்தை இலவசமாக இழந்திருக்கிறோம்.

ஸ்பேசரை ஸ்ட்ரட்டுக்கு மேலே வைப்பது இன்னொரு வகை. அதில் ஸ்ட்ரட் முழுவதும் கீழே தள்ளப்படும். சக்கரம் முன்பைவிடக் கீழே தொங்கும். அப்போது சிவி ஜாயின்டின் கோணம் கூடும், அப்பர் ஆர்ம் காயில் மேல் உரசலாம். அழுத்தத்தில், சேஸியின் பம்ப் ஸ்டாப் தொடுவதற்கு முன்பே ஷாக் உள்ளுக்குள் முட்டி உடையலாம்.

ட்ராவல் உண்மையாகவே கூட வேண்டுமென்றால் நீளமான ஷாக், அதற்குப் பொருத்தமான ஸ்பிரிங், முன்னால் காஸ்டர் கோணத்தைத் திரும்பக் கொண்டுவரும் அப்பர் ஆர்ம், கடைசியில் அலைன்மென்ட் எல்லாம் வேண்டும். இவ்வளவும் படித்து, பணம் சேர்த்து, சரியான பாகங்கள்தான் வாங்கினேன். முன்பக்கத்தை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தேன். பின்பக்கத்தை நானும் ஒரு நண்பரும் வீட்டு கராஜிலேயே மாட்டினோம். பின்னால் இலை ஸ்பிரிங் 50 மி.மீ. உயரம், ஷாக் பழையதைவிட நீளம்.

3. நான் விட்டது

ஈஸ்டர் லீவில் நான்கு வண்டிகளாக ப்ளூ ராக் ரேஞ்ச் ட்ராக் போனோம். டார்கோ ஹை ப்ளெய்ன்ஸ் ரோட்டிலிருந்து பிரியும் பாதை. மலைமுதுகிலேயே ஏறி இறங்கும், இரண்டு பக்கமும் பள்ளம். ஒரு கல்படியில் முன் சக்கரம் ஏறி, பின் இடது சக்கரம் குழிக்குள் இறங்கியது. அழகாக இறங்கியது. "பாத்தியா, இதுக்குத்தான் காசு போட்டேன்"னு மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது ரேடியோவில் பின்னால் வந்த யாழ்ப்பாணத்து அண்ணன் குரல்.

"தம்பி, நிப்பாட்டும். அசையாதேயும். பின் சில்லுக்குப் பக்கத்தில ஒரு ஹோஸ் இழுபட்டு நிக்குது."

இறங்கிப் பார்த்தேன். சேஸியிலிருந்து ஆக்ஸிலுக்குப் போகும் ரப்பர் பிரேக் ஹோஸ், வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் பிய்ந்திருக்கும். நின்ற இடம் ஏற்றம். ஏறியதை இறங்கியும் ஆக வேண்டும். பின் சீட்டில் ஆறு வயது மகள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சக்கரத்துக்குக் கீழே கல் அடுக்கி, மெல்ல வண்டியை மட்டத்துக்குக் கொண்டுவந்தோம். ஹோஸ் தளர்ந்தது. பெடலை அழுத்திப் பார்த்தோம், கசிவு இல்லை. மனைவியும் மகளும் அண்ணன் வண்டிக்கு மாறினார்கள். நான் லோ ரேஞ்ச் முதல் கியரில் தனியாக ஊர்ந்து திரும்பினேன்.

ஏன் இப்படி ஆச்சு? பழைய ஷாக்கின் நீளம்தான் பின் ஆக்ஸில் எவ்வளவு இறங்கலாம் என்பதற்கு எல்லையாக இருந்தது. அந்த ஹோஸை டொயோட்டா அந்த எல்லைக்கு அளந்து வைத்திருந்தது. நான் நீளமான ஷாக் போட்டு எல்லையை எடுத்துவிட்டேன். அடுத்த குட்டையான பொருள் எல்லையாகிவிட்டது. அது பிரேக் ஹோஸ்.

கராஜில் ஏன் தெரியவில்லை? ஆக்ஸிலுக்குக் கீழே ஸ்டாண்ட் வைத்து வேலை செய்தோம். ஹோஸ் தளர்வாகத்தான் இருந்தது. நம்ம பாஷையில சொன்னா, ஹாப்பி பாத் மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு ப்ரொடக்‌ஷன்ல போட்டாச்சு. குடும்பத்தோட.

4. மேலேயும் இதே கதை

கீழ் எல்லைக்குச் சொன்னது மேல் எல்லைக்கும் பொருந்தும். "டயர் உரசுது, லிஃப்ட் பண்ணா சரியாகும்" என்பார்கள். பாதிதான் உண்மை. லிஃப்ட் நின்ற நிலையை மாற்றும். ஆனால் பள்ளத்தில் அடித்து பம்ப் ஸ்டாப் வரை போகும்போது, சக்கரம் பழைய இடத்துக்கே வரும். அங்கே பெரிய டயர் ஃபெண்டரில் உரசினால் லிஃப்டுக்குப் பிறகும் உரசும். அப்போது பம்ப் ஸ்டாப்பை நீட்ட வேண்டும், இல்லை சின்ன டயருக்குப் போக வேண்டும்.

5. செய்முறை: இரண்டு முனையையும் பார்ப்பது

எதை மாற்றினாலும் கடைசியில் இதைச் செய்யுங்கள். சமதளமான கான்கிரீட் தரை, சேஸிக்குக் கீழே தரமான ஸ்டாண்ட் கட்டாயம். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

முழு இறக்கம்: சேஸியைத் தாங்கி, ஆக்ஸிலை முழுசாகத் தொங்க விடுங்கள். பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். வயர், ஹேண்ட்பிரேக் கேபிள், ஆக்ஸிலின் பிரீதர் குழாய் எல்லாவற்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் தளர்வு இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தொங்கவிட்டும் பாருங்கள்.

முழு அழுத்தம்: முன்பக்கத்தில் காயிலைக் கழற்றிவிட்டு, டயரோடு ஜாக்கால் பம்ப் ஸ்டாப் தொடும்வரை தூக்கி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்ப வேண்டும். காயிலைக் கழற்றும் வேலையை ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள். அழுத்தி வைத்த ஸ்பிரிங் கை நழுவினால் ஆளைக் கொல்லும்.

ஷாக்: பம்ப் ஸ்டாப் முழுக்க நசுங்கிய பிறகும் ஷாக்கில் கொஞ்சம் தூரம் மிச்சம் இருக்க வேண்டும். நீளமான ஷாக், மூடிய நிலையிலும் நீளமாகத்தான் இருக்கும்.

இதன் விதி ஒரே வரிதான்: கீழே நிறுத்த வேண்டியது ஷாக் அல்லது லிமிட் ஸ்ட்ராப், மேலே நிறுத்த வேண்டியது பம்ப் ஸ்டாப். வேறு எது முதலில் நிறுத்தினாலும் வேலை முடியவில்லை.

என் வண்டியில் இப்போது அங்கீகாரம் பெற்ற நீளமான பிரேக் ஹோஸ் இருக்கிறது. மனைவி அன்று அதிகம் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒன்றுதான் கேட்டாள்: "ஆஃபீஸ்ல இன்னொருத்தர் பாக்காம உன் கோடை உள்ள விடுவாங்களா?"

விட மாட்டார்கள். இப்போது என் வண்டிக்கும் அதே விதி. மாட்டுவது நான், தொங்கவிட்டுப் பார்ப்பது அந்த அண்ணன்.

இந்த வார வீட்டுப்பாடம்: உங்கள் சிஸ்டத்தில் கடைசியாக எந்த எல்லையை உயர்த்தினீர்கள்? அதற்கு அடுத்த குட்டையான ஹோஸ் எது? பதில் எழுதுங்கள், அடுத்த எபிசோடில் பேசுவோம்.