மூணாம் வகுப்பாகவே இருக்கட்டும், பாப்பா

திருக்காட்டுப்பள்ளி,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. மேட்டூர்த் தண்ணீர் வந்து நாலு நாளாகிறது, குடமுருட்டியில் கலங்கலாக ஓடுகிறது. பெரியம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆனாலும் காலையில் படித்துறைக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

நீ அனுப்பிய போட்டோக்களை எதிர்வீட்டுப் பையன் போனில் பெரிதாக்கிக் காட்டினான். ஒரு படத்தில் நீ கிரைண்டரை வைத்துப் பழைய ரயில் பெட்டியின் பக்கப் பலகையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாய். சுற்றிலும் புகை மாதிரித் தூசி. முகத்தில் ஒரு துணிகூட இல்லை. இரண்டு நாளாக எனக்குத் தூக்கம் சரியில்லை. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் கலந்திருக்கும், பாப்பா. உலர்வாகத் தேய்த்தால் அது தூளாகப் பறந்து நெஞ்சுக்குள் போகும். புளோலாம்ப் காட்டி உரித்தால் ஆவியாகப் போகும். எங்கள் காலத்தில் இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. வெள்ளை ஈயம் பட்ட கையோடு சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து சாப்பிட்டவர்கள் நாங்கள். நீ தண்ணீர் தெளித்து ஈரமாக்கிக்கொண்டு, கைச்சுரண்டியால் சுரண்டு. நல்ல மாஸ்க்காக வாங்கிப் போட்டுக்கொள், துணி மாஸ்க் போதாது. வேலைக்குப் போட்ட சட்டையோடு வீட்டுக்குள் போகாதே. குழந்தை இருக்கிற வீடு.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். விடுதி முதலாளி இந்தப் பெட்டியை மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்கிறார், உள்ளே பிளைவுட் அடித்து, வெல்வெட் சோபா போட்டு, ராஜா காலத்து சலூன் மாதிரி ஆக்கச் சொல்கிறார், செய்வதா விலகுவதா என்று கேட்டிருக்கிறாய். முடிவு உன்னுடையது. நான் குறுக்கே நிற்கமாட்டேன். படித்தவள், உனக்குத் தெரியாததா.

ஆனால் ஒன்று. நீ அனுப்பிய கடைசிப் படத்தில், கதவுக்குப் பக்கத்தில் உள்ளங்கையகலம் சுரண்டியிருக்கிறாய் பார், அதை நான் எட்டு முறை பார்த்தேன். மேலே நீலம். அதன் கீழே காவிச் சிவப்பு. அதற்கும் கீழே மஞ்சள் நிறத்தில் மூன்று கோடு தெரிகிறது, ரோமன் எண்ணில் மூன்று. மூன்றாவது கோட்டின்மேல் மட்டும் சிவப்பு இரண்டு தடவை ஏறித் தடித்திருக்கிறது. அது ஏன் என்று எனக்குத் தெரியும். 1974-ல் மூன்றாம் வகுப்பு என்பதையே எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் இரண்டாம் வகுப்பு ஆக்கினார்கள். அப்போது நான் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில், கேரேஜ் ஷாப்பில் இருந்தேன். பெயிண்டர்கள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பெட்டி பெட்டியாகப் போய் ஒரு கோட்டை மட்டும் அடைத்துக்கொண்டே வந்தார்கள். அந்தத் தூரிகைத் தடம்தான் உன் கண்முன்னால் இருக்கிறது.

அது மூணாம் வகுப்புப் பெட்டி, பாப்பா. உன் அப்பாயி நடவுக்குக் கூட்டமாகப் போனது இந்த மாதிரிப் பெட்டியில். பூதலூரில் ஏறி, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, மெத்தை இல்லாத பலகையில் உட்கார்ந்து போனவர்கள். உன் அப்பாவைக் காய்ச்சலோடு தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதும் அப்படித்தான். அந்தப் பலகையின் விளிம்பு எத்தனை ஆயிரம் கால் உரசி வழுவழுப்பாகியிருக்கும் என்று தடவிப் பார். அதன்மேல் வெல்வெட் ஒட்டி யாருக்கு என்ன காட்டப் போகிறோம்? ராணி போன சலூனைப் பார்க்க வேண்டுமென்றால் மைசூர் ரயில் மியூசியத்தில் நிஜமான சலூனே இருக்கிறது. டெல்லியில் 1977-ல் திறந்த மியூசியத்திலும் ராஜாக்கள் போன பெட்டிகள் நிற்கின்றன. நம் ஜனங்கள் போன மரப்பெட்டி எத்தனை மிச்சம் இருக்கிறது?

மிச்சம் இல்லாமல் போனதை நான் பார்த்தேன். நம் பாதைக்கு வந்த கதி உனக்குத் தெரியும். 1862-ல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு வந்தபோது அகலப்பாதை. பிறகு 1870களில் அதை மீட்டர் கேஜாகக் குறுக்கினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஓடிய பிறகு தொண்ணூறுகளில் நம் பகுதியை மறுபடியும் அகலமாக்கினார்கள். ஆயிரம் மில்லிமீட்டருக்குச் செய்த பெட்டி 1,676 மில்லிமீட்டர் பாதையில் எப்படி ஓடும்? ஏலம் போயிற்று. ஒரு யார்டில் பர்மா தேக்குத் தூண்களைக் கோடரியால் பிளந்து விறகாகக் கட்டி வைத்திருந்தார்கள். யார் வாங்கினார், எந்த இடம் என்பது இப்போது வேண்டாம். நானும் இன்னொருத்தரும் கையால் அடித்த கழுந்து ஒன்று பிளந்த துண்டில் அப்படியே துளைக்குள் இறுகி நின்றது. கோடரிக்குக்கூட அது விடவில்லை. அதைக் கேட்டு வாங்கி வந்தேன். பெரியம்மா இன்றும் அதன்மேல்தான் அரிவாள்மணையை வைக்கிறாள்.

உங்கப்பா நம் வீட்டு நிலைக்கதவை விற்றுவிட்ட விஷயத்தை நான் மறுபடி கிளறக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். பணமுடை, எனக்கும் தெரியும். ஆனால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கதவுக்குப் பின்பக்கம் உன் அப்பாயி மரக்காலால் நெல் அளக்கும்போது கரியால் போட்ட கோடுகள் இருந்தன, ஐந்தைந்தாக. வாங்கினவன் இழைப்புளி போட்டு இழைத்துப் பளபளவென்று பாலிஷ் ஏற்றி விற்றான். கதவு எங்கேயோ பத்திரமாக இருக்கிறது என்கிறான் உங்கப்பா. எனக்கு அது போய்விட்டது. நீயும் அதே காரியத்தைச் செய்துவிடுவாயோ என்றுதான் பயம். கோபம் என்று நினைக்காதே.

பிளைவுட்டை மரத்தின்மேல் அடித்தால் உள்ளே நடப்பது வெளியே தெரியாது என்பதும் உண்டு. மரப்பெட்டி எங்கே அழுகும் தெரியுமா? ஜன்னல் ஷட்டர் இறங்குகிற பொந்துக்குள் மழைத்தண்ணீர் போகும். அடியில் வடிகால் துளை இருக்கும். அதில் வேர்க்கடலைத் தோலும் டிக்கெட் துண்டும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் நிற்கும், தூணின் அடிக்கழுந்து முதலில் போகும். மேலே பார்த்தால் தேக்கு கல் மாதிரி இருக்கும். நீ ஒவ்வொரு தூணின் அடியிலும் குத்தூசியால் குத்திப் பார். பொதபொதவென்று இறங்கினால் அந்த அளவுக்கு மட்டும் வெட்டி எடுத்து, சாய்வாகச் சீவி, பழைய தேக்கையே ஒட்டுப்போடு. முழுத் தூணையும் கழற்றாதே. ஒரு தூணை முடித்த பிறகே அடுத்ததில் கை வை, இல்லையென்றால் கூரை இறங்கிவிடும். முதலில் அடிச்சட்டத்துக்கு முட்டுக் கொடுத்தாயா? படத்தில் முட்டு தெரியவில்லை. நீ அதற்குள் குனிந்து போகிறாய் என்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கழற்றுகிற ஒவ்வொரு துண்டிலும் பென்சிலால் எண் போடு, நோட்டில் எழுது. கூரைமேல் இருக்கிற கான்வாஸ் துணியைக் கிழித்துப் போடுமுன் அது எப்படி மடித்து ஆணி அடித்திருக்கிறது என்று படம் எடுத்துக்கொள். பித்தளை ஸ்க்ரூ ஒன்றைக்கூட வீசாதே. மூன்று மாதத்தில் இது முடியாது. முடிகிறதென்றால் அது வேறு வேலை.

பழையதைப் பழையபடியே செய்ய முடியுமா என்று முதலாளி கேட்டால் பொன்மலையைச் சொல். 1928 வாக்கில் நாகப்பட்டினத்திலிருந்து ஒர்க்‌ஷாப் அங்கே வந்தது. நீராவி எஞ்சின் நம் பக்கம் நின்றுபோய் எத்தனையோ வருஷம் கழித்து, 2010-க்குப் பிறகு, ஊட்டி மலை ரயிலுக்காகப் பழைய ஸ்விஸ் எஞ்சினின் வடிவத்திலேயே புதிதாக நீராவி எஞ்சின் செய்து கொடுத்தார்கள். அந்த மலைப்பாதைக்கு 2005-ல் யுனெஸ்கோவின் பாரம்பரியச் சின்ன அங்கீகாரம் கிடைத்ததும் பழையதைப் பழையதாக வைத்திருந்ததால்தான். ஜனங்கள் அந்த மலை ரயில் பெட்டியில் உட்காரத்தானே வரிசையில் நிற்கிறார்கள்? உன் முதலாளிக்கும் அதைச் சொல்லலாம். மூணாம் வகுப்புப் பலகையில் வாழையிலை போட்டுச் சாப்பிட வருவார்கள், பார்.

அவர் கேட்கவில்லை என்றால்... முடிவு உன்னுடையது என்று முன்னாலேயே எழுதிவிட்டேன்.

நிறையப் பேசிவிட்டேன், கண்ணு. மனசில் வைத்துக்கொள்ளாதே. நம் குடும்பத்தில் உளி பிடிக்கிற பெண்பிள்ளை நீதான், அதை இந்தத் தெருவில் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டேன். சின்ன வயதில் நான் இழைக்கும்போது சுருள் சுருளாக விழுகிற சீவலை வளையல் என்று கையில் மாட்டிக்கொண்டு திரிந்தவள். உன் கை தப்பாகச் செய்யாது. அப்பாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டாதே. காட்டினாலும் பரவாயில்லை, தீபாவளிக்கு அவனையும் கூட்டிக்கொண்டு வா. பெரியம்மா திருவையாற்று அசோகா அல்வா வாங்கி வைக்கச் சொல்லி இப்போதே ஆரம்பித்துவிட்டாள்.

என் உளிப்பெட்டியைத் தீட்டித் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். அரையங்குல உளியின் கைப்பிடி கொஞ்சம் ஆடுகிறது, இறுக்கிவிட்டுத் தருகிறேன். அடுத்த வாரம் எதிர்வீட்டுப் பையன் காரைக்குடிப் பக்கம் வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஐந்நூறு ரூபாய் வைத்திருக்கிறேன். அது மாஸ்க்குக்கு. வேறு எதற்கும் செலவழிக்காதே.

அன்புடன்,
பெரியப்பா

முட்டுக் கொடுத்ததும் ஒரு படம் எடுத்து அனுப்பு.