கோழிக் கிருமியின் வீரியம் அறிதல்

கோழிகள் மடியத் தொடங்கியதும், "என்ன கிருமி?" என்று கேட்கிறோம். "அதன் வீரியம் எவ்வளவு?" என்றும் உடன் கேட்டல் அவசியம். ஒரே பெயருடைய கிருமிகள் யாவும் ஒரே தன்மையன அல்ல.

இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர். கோழிக் காலராக் கிருமியை அவர் ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார். நாட்பட்ட வளர்ப்பிலிருந்து எடுத்துச் செலுத்திய கிருமி கோழிகளைக் கொல்லவில்லை. பிழைத்த கோழிகள், பின்னர்ச் செலுத்திய கொடிய கிருமியையும் தாங்கி நின்றன. இதனை அவர் 1880-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

இன்று பண்ணைகளில் நட்டம் விளைவிக்கும் கிருமிகளுள் ஒன்று ஈ. கோலை. இது நலமுள்ள கோழியின் குடலிலும் வாழ்வது. ஆதலின், செத்த கோழியில் அது காணப்பட்டமை ஒன்றே போதிய சான்றாகாது. வீரியத்தை அறிய ஆய்வாளர் கையாளும் முறைகளுள் இரண்டு வருமாறு:

1. சுமார் 12 நாள் அடைகாத்த முட்டைகளில், கருவை அடுத்த நீர்ப்பையினுள் அளவிட்ட கிருமிகளைச் செலுத்துவர். அடுத்த சில நாட்களில் மடியும் கருக்களை எண்ணுவர். கிருமியற்ற நீர் செலுத்திய முட்டைகளுடன் ஒப்பிடுவர். சாவு மிகுந்தால் வீரியம் மிகுதி.

2. கோழியின் குருதியில் அழியாது தப்பவும், அதிலுள்ள இரும்புச் சத்தைக் கவரவும் உதவும் மரபணுக்கள் கிருமியிடம் உளவா என்று பார்ப்பர்.

இதனால் நமக்கு என்ன பயன்? வீரியமற்ற கிருமியாயின், குற்றம் பெரும்பாலும் கொட்டகையில் இருக்கும். ஈரக் கூளத்திலிருந்து எழும் அம்மோனியா மூச்சுக் குழலைப் புண்படுத்த, எளிய கிருமியும் உட்புகும். அங்கு மருந்தினும் காற்றோட்டமே முதற்சிகிச்சை. வீரியமிக்க கிருமியாயின், நோயுற்றவற்றைத் தனிப்படுத்தி, ஆட்கள் கொட்டகை மாறிச் செல்வதைத் தடுத்தல் வேண்டும்.

கண்டபடி மருந்து கொடுத்தால் ஆய்வில் கிருமி அகப்படாது போகலாம். மருந்துக்கு அஞ்சாத கிருமிகளும் பெருகும். இக்காரணம் பற்றியே கோழிகளுக்கான கோலிஸ்டின் மருந்தின் உற்பத்தியையும் விற்பனையையும் இந்திய அரசு 2019-இல் தடை செய்தது.

ஆகவே, சாவு தொடங்கிய அன்றே, மருந்திடுமுன், புதிதாக இறந்த கோழியை இரட்டைப் பையிலிட்டுப் பனிக்கட்டியுடன் கால்நடை மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனை ஊர்தோறும் எடுத்துரைப்பின், ஏழைக் குடும்பங்களின் கோழிச் செல்வம் காக்கப்படும்.